ஆடி மாசத்துப் பூளைப்பூ

ஆற்றில் நாற்பதாயிரம் கன அடி வந்தால் ஒகேனக்கல்லில் பரிசல் நிற்கும். பரிசல் நின்றால் பரிசல்காரத் தெருவின் வாய் ஓட ஆரம்பிக்கும். இந்த வருஷம் ஆடி பிறந்த மூன்றாம் நாளே மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். அருவி எது, பாறை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செங்காவித் தண்ணீர். மறு உத்தரவு வரும்வரை பரிசலும் கூடாது, குளியலும் கூடாது என்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று சொல்லிக்கொண்டு போனது. சுற்றுலாக்காரர்கள் வரவில்லை. மீன் பொரிக்கிற கடைகளில் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆண்கள் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசினார்கள். பெண்கள் கடை மேஜைகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தார்கள்.

பார்வையில் முதலில் சிக்கியவர் கிருஷ்ணப்பன்.

கிருஷ்ணப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷமாகத் துடுப்பு போடுகிறவர். ஒரு சண்டை சச்சரவில் பேர் அடிபட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் தடை போட்ட மறுநாளிலிருந்து தெருமுனை டேங்கில் நாளைக்கு மூன்று தரம் குளித்தார். தன் லுங்கியைத் தானே சோப்புப் போட்டுத் துவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக் கூடத் துவைத்தறியாத கை அது. குளித்துவிட்டுக் கழுத்து, மார்பு, இடுப்பு என்று பவுடர் கொட்டிக்கொண்டார். வீட்டுக்குள் படுப்பதை விட்டுவிட்டு, பின்னால் பரிசல் நிறுத்துகிற கொட்டாயில் பாய் போட்டார். விடிகிற நேரத்தில் எழுந்து ஆற்றங்கரைப் புதர்ப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். அந்தப் பக்கம் நின்றால் அக்கரை தெரியும். அக்கரை கர்நாடகா.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்து விடை சொன்னவள் முனியம்மாள். கிருஷ்ணப்பன் மனைவி குள்ளம்மாளின் மீன் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. வீடும் அடுத்த வீடு. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் களிக்குத் தொட்டுக்கொள்ள மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

"ஏண்டி குள்ளம்மா, ஒன் வூட்டுக்காரனுக்கு எத்தன பவுடர் டப்பா வாங்கிக் குடுத்த?"

"நான் எங்க வாங்கிக் குடுத்தேன். அன்பரசி புள்ளைக்கு வாங்கி வெச்சிருந்தது அது."

"பேத்திக்கு வாங்கன பவுடர தாத்தன் பூசிக்கறான். எதுக்குன்னு கேட்டயா?"

"வேர்க்குருவுன்னாரு."

"ஆடிக் காத்து ஆள தூக்குது. இதுல எங்கருந்து வேர்க்குரு?"

குள்ளம்மாள் மொச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கவனிக்காமல் இல்லை. காபி கொடுத்தால் அரை டம்ளர் போதும் என்கிறார். சாறு ஊற்றப் போனால் தட்டை மூடுகிறார். பக்கத்தில் போனால் நகர்ந்து உட்கார்கிறார். போன வாரம் பென்னாகரத்துக்குப் போய் மகள் அன்பரசியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினவர், பொழுது சாயத்தான் வந்தார். நேற்று மகளிடம் போனில் பேசும்போது, "அப்பா வந்தாரா? எப்பம்மா? நான் எங்கயும் போவலியே" என்றாள் அவள்.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து வந்துவிட்டது. முனியம்மாள் கையிலிருந்த மொச்சைக் காயைக் கீழே வைத்தாள். அப்படி ஒரு நிறைவு அவள் முகத்தில்.

"கொட்டாய போயி தேடிப் பாரு. ஒண்ணுமில்லன்னா நல்லதுதான. என்ன வேணா சொல்லிக்க அப்ப."

கிருஷ்ணப்பன் டேங்குக்குக் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு பேரும் கொட்டாயில் நுழைந்தார்கள். தார் டின், மூங்கில் பத்தை, பழைய துடுப்பு, லைஃப் ஜாக்கெட் நாலு. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார். பாய்க்கு உள்ளே ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால், காய்ந்த நெருஞ்சி முள் ஒரு கை அளவு; கூடவே, சிவப்பு நூல் போட்டுக் கட்டிய பூளைப்பூ ஒரு கட்டு.

முனியம்மாள் இரண்டு அடி பின்னால் போனாள்.

"பொங்கலுக்கு வாசல்ல காப்பு கட்றம் பாரு, அந்தப் பூளைப்பூ. ஆடி மாசத்துல இத எவன்டி கட்டுவான்? இது வூட்டுக்குக் கட்டன காப்பு இல்ல. ஆளுக்குக் கட்டன காப்பு. கூட முள்ளு வேற. அவன் ஒன்னண்ட வராத இருக்கறதுக்கு முள்ளு, அவளண்டயே இருக்கறதுக்குப் பூளை. மருந்து வெச்சிட்டாடி ஒன் புருசனுக்கு."

மருந்து என்றால் இடுமருந்து. சோற்றிலோ டீயிலோ கலந்து கொடுத்துவிட்டால் ஆண்பிள்ளை கொடுத்தவள் பின்னாலேயே போய்விடுவான். தெருவில் அதை நம்பாத பெண் கிடையாது. நம்பாத ஆண்களும், தங்கள் விஷயத்தில் அதுதான் காரணம் என்று சொல்லித் தப்பித்திருக்கிறார்கள்.

"கையும் களவுமா புடி," என்றாள் முனியம்மாள். "காலைல எங்க போறான் வாறான் பாரு. நானும் வரேன்."

மறுநாள் விடிகிற நேரத்துக்கு இரண்டு பெண்களும் வேலி ஓரத்தில் குந்தியிருந்தார்கள். கிருஷ்ணப்பன் புதர்ப் பக்கம் போனார். வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போது கையில் ஒரு நன்னாரி சர்பத் பாட்டில். அதைத் துண்டில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவது போல மாரோடு அணைத்துக்கொண்டு வந்தார். கவிழ்த்துப் போட்ட பரிசலுக்கு அடியில் பதனமாக வைத்தார். மாற்று லுங்கியை எடுத்துக்கொண்டு டேங்குக்குப் போனார்.

குள்ளம்மாள் பாட்டிலை எடுத்தாள். கருந்தேன் நிறத்தில் பாதி அளவு ஏதோ இருந்தது. லேசாகச் சிவப்பு ஓடியது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷம் மிளகாய்த்தூளிலும் மீன் கவிச்சியிலும் எண்ணெய்ப் புகையிலும் கிடந்த மூக்கு அது. முனியம்மாள் வாங்கி மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தாள்.

"ஆட்டு மூத்திரம் சேத்திருக்கறா. மருந்துக்கு அது சேப்பாங்க. வெதுவெதுன்னு இருக்குது பாரு, இப்பத்தான் காச்சி எறக்கனது. அக்கரைக்காரி யாரோ ஆள் வெச்சிக் குடுத்தனுப்பியிருக்கறா."

"இப்ப என்னாக்கா பண்றது?"

"இண்டூருக்குப் போலாம். சவுரியப்பன் வைத்தியரு மருந்து முறிக்கறதுல கெட்டிக்காரரு. என் நாத்தனா புருசனுக்கு அவருதான் எடுத்தாரு."

முதல் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஜன்னலோரம் குள்ளம்மாள் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். மடம் செக்போஸ்ட் தாண்டும்வரை அக்கரைக்காரியைத் திட்டுவதற்கு நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி வரிசைப்படுத்தினாள். பென்னாகரம் வரும்போது அந்த வரிசையில் புருஷனும் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் முனியம்மாள், "சாயாத புடி, சாட்சி அதான்" என்றாள்.

சவுரியப்பன் வைத்தியருக்கு எழுபது வயது இருக்கும். வாசல் நிலைக்கு மேலே மாதா படம், உள்ளே சுவர் முழுக்க டப்பாக்கள். அவர் இரண்டு விஷயத்துக்குப் பேர் போனவர். ஒன்று, இடுமருந்து முறிப்பது. இன்னொன்று, நீர் சம்பந்தப்பட்ட வியாதி. பெண்களுக்கு முதலாவது மட்டும் தெரியும். ஆண்களுக்கு இரண்டாவதும் தெரியும். ஆனால் எதற்குப் போனோம் என்று ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

"நாங்க ஒகேனக்கல்லுங்க," என்றாள் குள்ளம்மாள். "பரிசல்காரர் கிருஷ்ணப்பன் வூடு."

"தெரியும்மா. அவரையே வரச் சொன்னேன், நீங்க வந்துட்டீங்க. பரவால்ல. கொண்டாந்தீங்களா?" என்று கையை நீட்டினார் வைத்தியர்.

தாங்கள் வருவது இவருக்கு எப்படித் தெரியும் என்று முனியம்மாளுக்குப் புல்லரித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்ப புடிச்சது?" என்றார் வைத்தியர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே.

"விடிய அஞ்சரைக்குப் புடிச்சோம்ங்க. கையும் களவுமா."

"ஒண்ணர மணி நேரத்துக்குள்ள வந்துட்டீங்க. நல்லது. ராத்திரி எண்ணெப் பலகாரம் எதனா சாப்ட்டாரா?"

"களியும் கீரையுந்தாங்க."

"சரியா இருக்கும் அப்ப."

அவர் மின்விசிறியை நிறுத்தினார். கிழக்கு ஜன்னல் மேடையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தார். பாட்டிலில் இருந்ததை அதில் மெல்ல ஊற்றிவிட்டு, அசைவு அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

முனியம்மாளுக்குக் காத்திருந்து பழக்கமில்லை. "இதுல என்னென்ன கலந்திருக்குதுங்க?"

"கலந்திருந்தா எண்ணெச் சொட்டு சொல்லிடும்மா."

"குடுத்தவ யாருன்னும் சொல்லுமா?"

வைத்தியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "குடுத்தவளா? அவரு குடுத்ததுதான இது?"

"அவரு எவ்ளோ குடிச்சாருன்னுதாங்க தெரியல," என்றாள் குள்ளம்மாள். "பாதி பாட்டிலு காலியா இருந்தது."

"இத எதுக்கும்மா அவரு குடிக்கறாரு?"

"அதாங்க நாங்களும் கேக்கறோம். எப்படியாச்சும் இத முறிச்சி வுடுங்க. பூளைப்பூவும் முள்ளும் வேற கட்டிக் குடுத்து வெச்சிருக்கறா."

"அது நான் கட்டிக் குடுத்ததும்மா."

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"பூளைப்பூவும் நெருஞ்சியும் நாந்தான் குடுத்தேன். ஒரு வாரம் கஷாயம் வெச்சிக் குடிங்க, அப்பவும் கேக்கலன்னா விடியக்கால மொத நீர புடிச்சிக்கினு வாங்கன்னேன். கட்ட அவுக்கவே இல்லயா அந்த மனுசன்?"

"அவுக்கலிங்க," என்றாள் குள்ளம்மாள். கஷாயம் வைக்க வேண்டுமென்றால் அடுப்பு வேண்டும். அடுப்பு இருப்பது அவள் கையில். அவள் எதற்கென்று கேட்பாள். அது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எது என்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. "அப்ப, அந்தக் கிண்ணத்துல இருக்கறது?"

"ஒங்க வூட்டுக்காரரு மூத்திரம்மா."

முனியம்மாள் மெதுவாக முந்தானையை எடுத்து மூக்கின் நுனியைத் துடைத்தாள். பிறகு இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

வைத்தியர் அதைப் பார்க்கவில்லை. ஒரு புல் நுனியை நல்லெண்ணெயில் தோய்த்து, கிண்ணத்தின் நடுவில் ஒரே ஒரு சொட்டு விட்டார். சொட்டு முத்துப் போல நின்றது. பிறகு மோதிரம் போல வட்டமாக விரிந்தது. விரிந்த வட்டத்தில் பொத்தல் பொத்தலாகக் கண் விழுந்து, மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஆனது. அவர் புல்லைக் கீழே போட்டார்.

"பாம்பு மாதிரி நீண்டா வாதம், மோதிரம் மாதிரி நின்னா பித்தம், முத்தாட்டம் நின்னா கபம். எதுன்னாலும் மருந்து இருக்குது. சல்லடக் கண்ணு வுழுந்தா வைத்தியன் வெலகிக்கணும்னுதான் எங்க அப்பாரு சொல்லிக் குடுத்தாரு. எண்ணெய வுடும்மா, இந்தச் செவப்ப பாரு. ரத்தம் கலந்து வருது. அடிவயிறு கல்லாட்டம் இருந்தது அன்னிக்கே. உள்ள வழி அடச்சிக்கினு இருக்குது. நெறஞ்சி வழியறதுதான் சொட்டுச் சொட்டா வருது. அதான் அடக்க முடியல."

"அடக்க முடியலன்னா?" என்றாள் குள்ளம்மாள்.

"தெரியாதா ஒனக்கு? துணியிலயே போயிடுதுன்னு சொல்லி அழுதாரும்மா."

கிண்ணத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க அவளால் முடியவில்லை.

"அந்தக் காலத்துல ஈயக் குழலுக்கு நெய் தடவி உள்ள வுட்டு எறக்கனாங்க. எங்க தாத்தன் செஞ்சிருக்கறாரு. எனக்கு அந்தக் கை இல்ல. இப்ப ஆஸ்பத்திரில ரப்பர் குழா இருக்குது. வேல ஒண்ணுதான். இன்னிக்கே தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ. அடச்சிக்கினு ஒரு நாள் முழுசா நின்னுச்சின்னா சிறுநீரகம் கெட்டுப் போவும், அப்பறம் ஆளு கெடையாது. வரமாட்டேம்பாரு. எதாச்சும் சொல்லிக் கூட்டிப் போ."

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. காலி பாட்டில் குள்ளம்மாளின் பைக்குள் இருந்தது. பொறுக்கி வைத்திருந்த திட்டுகளை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றும் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. தடை போடுவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பார்த்தாள். பரிசல்காரன் லுங்கி எந்த நாளில் காய்ந்திருந்தது? காலையில் ஆற்றில் இறங்கினால் பொழுது சாய ஈரத்தோடு வருவார். அவள் வாங்கி ஆற்று ஈரம் என்று அலசிப் போடுவாள். எத்தனை மாசமாக அது ஆற்று ஈரம் மட்டும் இல்லையோ. ஆறு மூடி வைத்திருந்ததை நாற்பதாயிரம் கன அடி வந்து திறந்துவிட்டது. அந்த மனிதர் பாயை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்கு ஓடினார். அவளோ அக்கரையைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். "தெருவுல..."

"எனக்கு வாயே இல்லன்னு வெச்சிக்க," என்றாள் முனியம்மாள்.

முனியம்மாளின் வாய் பற்றி ஒகேனக்கல் முதல் பென்னாகரம் வரை தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நடத்துநர் வந்து கேட்டதற்கு ஊர்ப் பேரைக் கூட அவள் சொல்லவில்லை, குள்ளம்மாள்தான் சொன்னாள்.

கிருஷ்ணப்பன் கொட்டாயில், கவிழ்த்த பரிசலின் விளிம்பைப் பிடித்தபடி குந்தியிருந்தார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. அடிவயிற்றில் ஒரு கை. லுங்கியின் முன்பக்கம் கருத்து நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் மடியில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலைலயே எங்க போய்ட்ட?"

"அன்பரசி வூட்டுக்கு."

"இங்க பரிசலுக்கு அடியில ஒரு..." என்று ஆரம்பித்தவர், "ஒண்ணுமில்ல" என்றார்.

முப்பத்தோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள். மூன்று பிள்ளைகள் பிறந்து ஒன்று தங்கியது. ஒன்றுக்குப் போகிற அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இரண்டு பேருக்கும் இடையில் வார்த்தையே கிடையாது. 'வெளியே போய்ட்டு வரேன்' என்பார், அவ்வளவுதான். குள்ளம்மாள் என்னென்னவோ வார்த்தைகளை எடுத்துப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் அந்த மனிதர் ஆற்றில் இறங்கிவிடுவார் என்று தோன்றியது.

"எந்திரி. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? அஜீரணம். சுக்குத் தண்ணி வெச்சிக் குடு."

"மூஞ்சி எப்படி இருக்குது பாத்தயா? எதயோ மறைக்கற நீ. தெருவே பேசிக்குது."

அவர் தலையைத் தூக்கினார். "என்னான்னு பேசிக்குது?"

"அக்கரைல ஒருத்தி இருக்கறான்னு."

கிருஷ்ணப்பன் அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. கயிறு கிடைத்தவன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "இருக்கறா. தெரிஞ்சிட்டுதில்ல? போ. என்ன வுட்டுட்டுப் போ."

காலையில் இதே வார்த்தையைக் கேட்டிருந்தால் குள்ளம்மாள் துடுப்பாலேயே போட்டிருப்பாள். இப்போது அந்தப் பொய் மட்டும்தான் அவரிடம் மிச்சமிருக்கிற கௌரவம் என்று பட்டது. அதைப் பிடுங்க மனசு வரவில்லை.

"பேரு என்னா?"

"பேரா?" அவருக்கு வலி ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. "ரத்னம்மா."

"எந்த ரத்னம்மா? டீக்கட ரத்னம்மாவா? அவ செத்து ரெண்டு வருசம் ஆவுது."

"அவ இல்ல. இது வேற ரத்னம்மா."

"நெறமா இருப்பாளா?"

"ம்."

"ஒம்மேல பிரியமா இருக்கறாளா?"

அவர் பரிசல் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்படி இருந்தா, அவளும் ஒன்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போவச் சொல்லுவா," என்றாள் குள்ளம்மாள். "அவ சொன்னதா வெச்சிக்கினு எந்திரி."

"எப்படிப் போறது," என்றார் தரையைப் பார்த்து. "வெளிய எல்லாரும் நிக்கறாங்க."

அது உண்மைதான். முனியம்மாளும் குள்ளம்மாளும் விடிகாலையில் பஸ் ஏறினது தெருவுக்குத் தெரியும். என்ன தீர்ப்பு வந்ததென்று பார்க்க ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. ஆட்டோ தெருமுனைக்கு மேல் வராது. அந்த லுங்கியோடு முப்பது வாசலைத் தாண்ட வேண்டும். மாற்று லுங்கி கட்டினாலும் பாதி வழிக்குள் நனைந்துவிடும்.

குள்ளம்மாள் வெளியே வந்தாள். முனியம்மாளிடம் ஆட்டோ சொல்லச் சொன்னாள். ஆட்டோ வந்த சத்தம் கேட்டதும் உள்ளே போய் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, வாசலில் நிறுத்தினாள். தள்ளாடிக்கொண்டு நின்றார் அவர். தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீரை மொண்டு, தலையோடு கால் அவர் மேல் ஊற்றினாள். இன்னொரு வாளி. லுங்கி முழுக்க ஒரே ஈரமாகி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"அக்கரைல வெச்சிருக்கறயா நீ?" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "பேத்தி எடுத்த வயசுல ரத்னம்மா கேக்குதா ஒனக்கு? நட. மகக்கிட்ட கொண்டு போயி நிறுத்தறேன். நட முன்னால."

தெரு வழிவிட்டது. ஆண்கள் பீடியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவி, "அடிப்பாவி, ஒனக்கா இந்தக் கதி" என்று குள்ளம்மாளைப் பார்த்துச் சொன்னாள். முப்பத்தோரு வருஷம் புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்று பேர் எடுத்தவள், அந்தப் பேரைத் தண்ணீரோடு தெருவில் ஊற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். இனி மீன் கடையில் வாடிக்கையாளருக்கு இலை போடும்போதும் பின்னால் இந்தப் பேச்சு ஓடும். அவளுக்குத் தெரியும்.

"என்னா முனியம்மா, நெசந்தானா?" என்று கேட்டார்கள்.

முனியம்மாளின் உதடு திறந்தது. மூடியது. அவள் வாழ்நாளில் இதைவிட நல்ல சேதி அவளிடம் இருந்ததில்லை.

"நெசந்தான்," என்றாள். "வைத்தியரே சொல்லிட்டாரு. நல்ல செவப்பாம் அந்த ரத்னம்மா." சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆட்டோக்காரன் அருள்குமார் பென்னாகரத்துப் பையன். சீட்டில் ஒரு சாக்கை விரித்து, ஈரத்தோடு அவரை உட்கார வைத்தான். குள்ளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகுக்குக் கை கொடுத்தாள். மேட்டில் ஏறும்போது அருள்குமாரால் அடக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கி, ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை என்கிற தோரணையில் கேட்டான்.

"எத்தன நாளாண்ணா இது?"

கிருஷ்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குளிரில் பல் அடித்துக்கொண்டது. அவர் சொல்லமாட்டார் என்றுதான் குள்ளம்மாள் நினைத்தாள்.

"மாசில இருந்து," என்றார்.

"ஆறு மாசம்."

"மொதல்ல எப்பவாச்சும் ஒரு தரம். அப்பறம் நாளைக்கு நாலு தரம், அஞ்சு தரம். நானும் அடக்கி அடக்கிப் பாத்தேன். முடியல. என் கையில இல்ல அது."

"வயசாவுதில்லண்ணா."

"வயசுதான்."

"அக்காகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?" என்றார் கிருஷ்ணப்பன். கண்ணைத் திறந்தார், அருள்குமாரைப் பார்க்கவில்லை. "அவ என்னான்னு நெனைப்பா? பக்கத்துல படுக்கவுடுவாளா?"

குள்ளம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடிவயிற்றின் மேல் வைத்திருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள். வைத்தியர் சொன்ன மாதிரிதான் இருந்தது, கல் போல.

"வுடுவேன்," என்றாள். பிறகு அருள்குமாரைப் பார்த்து, "நீ ரோட்ட பாத்து வேகமா ஓட்டு கண்ணு," என்றாள்.